‘ஹார்ட்லி’யைப் பிசகாமல் பயன்படுத்துவது எப்படி?

ஒருவர் கடுமையாக உழைக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்ல நினைத்து ‘ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்று எழுதினால், அவர் கிட்டத்தட்ட வேலையே பார்ப்பதில்லை என்று அர்த்தமாகிவிடும். ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்’ என்பதே சரி. ‘ஹார்ட்லி’க்குப் பொருள் ‘கிட்டத்தட்ட இல்லை’.

துணைவினைக்குப் பின், முதன்மை வினைக்கு முன் வையுங்கள்: ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ’, அதாவது நீங்கள் பேசுவது கிட்டத்தட்டக் காதில் விழவே மாட்டேன் என்கிறது. இங்கே ‘காண்ட்’ போடக் கூடாது. எதிர்மறை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ‘ஹார்ட்லி நோ மணி’ தப்பு, ‘ஹார்ட்லி எனி மணி’ சரி. ‘ஹார்ட்லி எவர்’ என்றால் அபூர்வமாக.

வாக்கியத்தை இதிலேயே தொடங்கினால் துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்துவிடும்: ‘ஹார்ட்லி ஹேட் ஐ லெஃப்ட் வென் த ரெயின் பிகேன்’. கிளம்பினேனோ இல்லையோ, மழை பிடித்துக்கொண்டது. பலர் ‘வென்’ இடத்தில் ‘தேன்’ (than) போடுகிறார்கள். அது ‘நோ சூனர்’ உடன் வர வேண்டியது.