மலையில் லினக்ஸ் கணினியின் நேரம் பிசகினால்: எவ்வளவு பிசகு என்று முதலில் பாருங்கள்

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை எடை ரசீது அடிக்கும் கணினியோ, ஊட்டியில் வீட்டு மேசைக் கணினியோ, நேரம் தப்பாகக் காட்டினால் உடனே கையால் திருத்திவிடாதீர்கள். சரியான நேரத்துக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் காட்டிக்கொடுப்பது அந்த வித்தியாசம்தான். திருத்திவிட்டால் தடயம் போய்விடும்.

டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' (timedatectl) கட்டளையை அடியுங்கள். உள்ளூர் நேரம், யுடிசி எனும் உலகப் பொது நேரம், கணினி அணைந்திருக்கும்போதும் மதர்போர்டில் ஓடும் ஆர்டிசி கடிகாரம், நேர மண்டலம், இணையத்தோடு நேரம் ஒத்துப்போனதா என்பது எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.

கச்சிதமாக 5 மணி 30 நிமிடம் முந்திப் போனால், அதே கணினியில் விண்டோஸும் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் ஆர்டிசியில் இந்திய நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸ் அதை யுடிசி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' (RealTimeIsUniversal) மதிப்பை 1 ஆக்குவதே நல்ல வழி. அதே ஐந்தரை மணி பின்தங்கி, யுடிசி வரி மட்டும் சரியாக இருந்தால், நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினால் போதும்.

கரண்ட் போயிருந்த நேரத்தின் அளவுக்கே பின்தங்கினால், அல்லது மாதம், வருடமே மாறியிருந்தால், ஆர்டிசியை ஓட்டும் மதர்போர்டு பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறும் ஊர்களில் இதுதான் அதிகம். ஆர்டிசி செத்திருந்தால், டைம்சிங்க்டி எனும் லினக்ஸ் நேரச் சேவை கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து கணினி எழும். அதனால்தான் அந்தக் கணக்கு. ராஸ்பெர்ரி பை 4 வரை ஆர்டிசியே கிடையாது, தனியாக மாட்ட வேண்டும். மற்றவற்றில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிஆர்2032 பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். புதியது 3 வோல்ட் காட்டும், 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். தேதி தப்பாக இருக்கும்வரை பிரவுசர் சான்றிதழ் பிழை காட்டும், மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட்டும் ஓடாது. அவற்றைத் தனித்தனிப் பழுதாக நினைத்து அலைய வேண்டாம்.

குளிர் காரணமா? ஓரளவுக்குத்தான். ஆர்டிசியின் 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியில் ஓடுவதற்காகச் செய்தது. 5 டிகிரியில் நாளுக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல் பின்தங்கும். உறைபனிக் காலத்தில் நாலு நாள் அணைத்துவைத்த கணினி ஐந்தாறு விநாடி பிசகலாம். பத்து நிமிடம் பிசகினால் பழியைப் பனிமேல் போடாதீர்கள்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிசகு கூடிக்கொண்டே போனால், இணையத்திலிருந்து நேரம் வந்து சேரவில்லை. இணையத்தோடு நேரத்தை ஒத்துவைக்கும் க்ரோனி நிரலை நிறுவியிருந்தால் 'க்ரோனிசி சோர்சஸ்' (chronyc sources) அடியுங்கள். ^* குறி உள்ள வரிதான் இப்போது பின்பற்றும் சர்வர். ரீச் பத்தியில் 377 என்றால் கடைசி எட்டு முறையும் பதில் வந்தது. 0 என்றால் ஒன்றுகூட வரவில்லை, எனவே நேரத் தகவல் வந்துபோகும் யுடிபி 123 போர்ட்டை ரவுட்டரோ ஃபயர்வாலோ தடுக்கிறதா என்று பாருங்கள். சர்வராகத் தேசியத் தகவல் மையத்தின் நேர சர்வர்களான சமய்1, சமய்2 (samay1.nic.in, samay2.nic.in) இரண்டையும் போடலாம். மொபைல் டேட்டாவில் போகும் வழியும் வரும் வழியும் ஒரே வேகத்தில் இருக்காது; அந்த வித்தியாசத்தில் பாதி நேரப் பிழையாகிவிடும். 20 மில்லி விநாடியில் போய் 220-இல் திரும்பினால் பிழை 100. ரசீதுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

பதில் வந்தும் நேரம் உடனே திருந்தவில்லையா? க்ரோனி கடிகாரத்தைக் குதிக்க விடாமல் மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கும். அதன் வழக்கமான உச்ச வேகம் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மணி நேரப் பிசகைச் சரிக்கட்ட 12 மணி நேரம் ஆகும். நிர்வாகி உரிமையோடு 'க்ரோனிசி மேக்ஸ்டெப்' (chronyc makestep) கொடுத்தால் ஒரே அடியில் திருந்தும். ஓடும் டேட்டாபேஸை முதலில் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

நேரம் சரியானதும், அடுத்த கரண்ட் வெட்டு வருமுன் 'ஹெச்டபிள்யூகிளாக் --சிஸ்டோஹெச்சி' (hwclock --systohc) கொடுத்து அதை ஆர்டிசியில் எழுதிவிடுங்கள்.