வெள்ள முன்னறிவிப்பைப் பகடை ஆட்டத்தில் கற்பித்தல்

முன்னறிவிப்பு கைக்கு வந்த பின்னும் நிவாரணப் பொருள்களைக் கிடங்கிலிருந்து நகர்த்தத் தயங்கும் பணியாளர்களுக்கு நிகழ்தகவு பற்றி விரிவுரை ஆற்றுவதைவிட, அவர்களையே முடிவெடுக்க வைப்பது பயன் தரும். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் காலநிலை மையம் இதற்கென ஆட்டங்களை உருவாக்கியிருக்கிறது. அவற்றின் வழியில் அமைந்த எளிய வடிவம் இது.

மூவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஆளுக்குப் பத்து மொச்சைக்கொட்டைகளை நிதியாகக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவிடமும் உள்ளூர் மழைக்கான ஆறுமுகப் பகடை ஒன்று இருக்கும்; வட்டார மழைக்கான பகடை உங்களிடம் இருக்கும். இரண்டின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெள்ளம். முன்கூட்டியே ஆயத்தமாக ஒரு கொட்டை செலவு; ஆயத்தமில்லாமல் வெள்ளத்தில் சிக்கினால் நான்கு. ஆயத்தமாகிறவர் பகடை உருளும் முன்பே எழுந்து நிற்க வேண்டும். பிறகு மனம் மாறியதாகச் சொல்ல வழியிருக்கக் கூடாது.

சில சுற்றுகள் கழித்து, வட்டாரப் பகடையை முதலில் உருட்டி டம்ளரால் மூடிவிட்டு, அதைப் பார்க்கும் உரிமையை ஏலம் விடுங்கள். முன்னறிவிப்பு இல்லாதபோது வெள்ளத்துக்கான வாய்ப்பு ஆறில் ஒன்றுதான் என்பதால், சும்மா உட்கார்ந்திருப்பதே கணக்குக்குச் சரி. டம்ளருக்குள் 6 தெரிந்தாலோ வாய்ப்பு இரண்டில் ஒன்றாக உயர்கிறது. எழுந்து நிற்பதே லாபம்.

அப்படி எழுந்தவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வெள்ளம் வராது. உட்கார்ந்திருப்பவர்கள் அப்போது சிரிப்பார்கள். ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். எடுத்த முடிவு தவறா, அல்லது விளைவு மட்டும் வேறாகிவிட்டதா என்று கேளுங்கள். தணிக்கைக்கு அஞ்சும் அலுவலர்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான். 2008இல் மேற்கு ஆப்பிரிக்காவில் செஞ்சிலுவை இயக்கம் பருவகால முன்னறிவிப்பை நம்பி, வெள்ளம் வரும் முன்பே நிதி கோரிப் பொருள்களை இருப்பு வைத்ததை இவ்விடத்தில் எடுத்துச் சொல்லலாம்.

அடுத்து, ஏலத்தை நிறுத்திவிட்டு, விளக்கம் ஏதும் சொல்லாமல் வட்டாரப் பகடைக்குப் பதிலாக எட்டுமுகப் பகடையை எடுங்கள். வெள்ள வாய்ப்பு 48இல் 15 ஆக உயர்கிறது; முன்னறிவிப்பே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஆயத்தமாவதே இப்போது மலிவு. பழைய பழக்கத்தில் உட்கார்ந்தே இருப்பவர்களின் கொட்டைகள் விரைவில் கரையும்.

ஆடிய நேரத்துக்குக் குறையாமல் கலந்துரையாடலுக்கும் ஒதுக்குங்கள். அவரவர் மாவட்டத்தில் எந்த அளவு மழை அறிவிக்கப்பட்டால், யார் கையெழுத்தில், எந்தப் பொருள் கிடங்கைவிட்டு நகரும் என்பதைத் தாளில் எழுதி வாங்கிய பிறகே கூட்டத்தை முடியுங்கள்.