துடைப்பதெல்லாம் 'மாப்' இல்லை: ஓர் ஆங்கிலச் சொல்லைப் பழகும் வழி

தரையைத் துடைக்கிறோம், மேசையைத் துடைக்கிறோம், கண்ணாடியைத் துடைக்கிறோம், கண்ணீரையும் துடைக்கிறோம். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'துடை' போதும். ஆங்கிலத்தில் அப்படிச் செல்லாது. எதைத் துடைக்கிறோம், எதைக் கொண்டு துடைக்கிறோம் என்று பார்த்துத்தான் சொல் அமையும். மேசைக்கும் கண்ணாடிக்கும் வைப், தூசுக்கு டஸ்ட். தரைக்கென்று உள்ளது மாப்.

படி 1: எழுத்தும் ஒலியும்

எம், ஓ, பி. மூன்றே எழுத்து. அமெரிக்கர்கள் 'மாப்' என்று வாயைத் திறந்து சொல்வார்கள். பிரிட்டிஷார் வாயைக் குவித்துக் குறுக்கிச் சொல்வது 'மொப்' போலக் கேட்கும். டாக்டரை 'டொக்டர்' என்று எழுதும் இலங்கைத் தமிழர்கள் இதை 'மொப்' என்றால், அது பிரிட்டிஷ் ஒலிக்குப் பக்கம்தான். நடுவில் ஓ-வுக்குப் பதில் ஏ வந்தால் 'மேப்', அதாவது வரைபடம். கடையில் மேப் கேட்டுவிடாதீர்கள்.

படி 2: பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நீளக் கைப்பிடி, அதன் முனையில் நூல் கொத்து, துணி அல்லது ஸ்பாஞ்ச். இதுதான் மாப். ஈரத்தை உறிஞ்சுவது அதன் வேலை. இந்த 'உறிஞ்சுவது' என்பதை மனத்தில் வையுங்கள், பின்னால் உதவும். தென்னந்துடைப்பமும் பூந்துடைப்பமும் கூட்டுவதற்கு, அவை ப்ரூம். ரப்பர் பட்டை வைத்துத் தண்ணீரைத் தள்ளுகிற கட்டையை நம் கடைகளில் வைப்பர் என்கிறோம். வெளிநாட்டில் அதன் பெயர் ஸ்க்வீஜி. அது உறிஞ்சாது, தள்ளும். அதனால் மாப் ஆகாது.

படி 3: 'போடு' என்பதை விடுங்கள்

'அக்கா, மாப் போட்டாச்சா?' என்று கேட்டே பழகிவிட்டோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஐ புட் மாப்' என்று வந்துவிடுகிறது. தேவையே இல்லை. கருவியின் பெயரே வினையாகவும் நிற்கும். தினமும் துடைக்கிறேன் என்றால் 'ஐ மாப் த ஃப்ளோர் எவ்ரி டே'. சமையலறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால் 'ஷீ இஸ் மாப்பிங் த கிச்சன்'. கூட்டித் துடைத்துவிட்டேன் என்பதற்கு 'ஐ ஸ்வெப்ட் அண்ட் மாப்ட் த ரூம்'.

படி 4: இரண்டு பி

இறந்த காலத்திலும் 'இங்' சேரும்போதும் பி இரட்டிக்கும். இது சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்கூடத்தைத் துடைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. ஒற்றைப் பி போட்டே பல நாள் எழுதியிருக்கிறேன். ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, "ஏன் தம்பி, நம்ம லாபி தினமும் காலையில அழுதுகிட்டே உட்கார்ந்திருக்கா?" என்றார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதற்கு ஆங்கிலத்தில் 'மோப்' என்று தனிச்சொல் இருக்கிறது. அதன் இறந்த காலத்துக்கு ஒற்றைப் பி.

அதே எழுத்துகளோடு இன்னொன்றும் உண்டு. டிவிஎஸ் 50 மாதிரி வண்டியைச் சொல்கிறோமே, மொபெட். மோட்டார், பெடல் இரண்டையும் ஒட்டி 1950-களில் ஸ்வீடனில் உண்டான சொல் அது. துடைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 5: 'அப்' சேர்ந்தால்

மாப் அப் என்று வரும்போது தரைதான் வேண்டும் என்றில்லை. மேசையில் சாம்பார் கொட்டிவிட்டது, துணியைப் போட்டு ஒற்றி எடுக்கிறீர்கள். அது மாப் அப். தோசையின் கடைசி விள்ளலால் தட்டில் ஒட்டியிருக்கும் சட்னியைச் சுற்றி வழித்து வாயில் போடுகிறோமே, அதுவும் மாப் அப்தான். இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் மீதியை வழித்தெடுப்பது என்ற பொருள் அங்கிருந்துதான் விரிகிறது. பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் வராத பிள்ளைகளுக்குச் சில நாள் கழித்துக் கொடுப்பார்கள். அது 'மாப்-அப் டே'. மருத்துவக் கலந்தாய்வில் நிரம்பாத இடங்களுக்கு நடந்த சுற்றை 'மாப்-அப் ரவுண்ட்' என்றார்கள். சண்டை முடிந்தபின் பதுங்கியிருப்பவர்களை ராணுவம் தேடிப் பிடிப்பதும் மாப்பிங் அப். ஜிஎஸ்டி வசூலுக்கும் நம்மூர் ஆங்கில நாளிதழ்கள் 'மாப்-அப்' என்று தலைப்புப் போடுகின்றன. வரி கட்டுகிறவருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்.

படி 6: வீட்டைத் தாண்டி

நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றினால் 'மாப் யுவர் ப்ரௌ'. அடர்ந்து கலைந்து கிடக்கும் தலைமுடி 'எ மாப் ஆஃப் ஹேர்'. ஒருவரை ஆட்டத்திலோ வாதத்திலோ துவைத்து எடுத்துவிட்டால், அவரை வைத்தே தரையைத் துடைத்ததாகச் சொல்வார்கள்: 'ஷீ மாப்ட் த ஃப்ளோர் வித் ஹிம்'. இதைப் பேச்சில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

பயிற்சி

சரி, இப்போது நீங்கள். ஒன்று, பலகையில் எழுதியதைத் துடை. இரண்டு, மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, துடைத்து எடு. மூன்று, மூக்குக்கண்ணாடியைத் துடை.

முதலாவது 'எரேஸ்' அல்லது 'வைப்'. மூன்றாவது 'வைப்'. மாப் இரண்டாவதற்கு மட்டும்தான், அதுவும் 'அப்' சேர்த்து.