நீண்ட கால ஸ்டீராய்டு: நிறுத்துவதிலும் தொடர்வதிலும் நடக்கும் தவறுகள்

முடக்குவாதம், லூபஸ் (எதிர்ப்புசக்தி உடம்பையே தாக்கும் நோய்), பெம்ஃபிகஸ் (தோலில் கொப்புளம் கிளம்பும் நோய்), குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோடிக் சிறுநீரக நோய், விடாத வீசிங். இவற்றுக்காகக் கடலூர், பண்ருட்டி, நெய்வேலியிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு மாதாமாதம் பஸ் ஏறுகிறவர்களில் பலருடைய மருந்துப் பையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். வைசோலோன், ஓம்னகார்டில் என்று கடையில் கிடைப்பதும் அதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். "எலும்பை அரிச்சிடும், நிறுத்திடு" என்பார் ஒருவர். "அதைப் போட்டபிறகுதானே எழுந்து நடக்கிற, விட்டுடாத" என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எந்த நோய்க்கு, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம் என்று கேட்காமல் சொல்லப்படும் யோசனை எதுவானாலும் அதை நம்பக் கூடாது.

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பெரிய அளவில் தொடர்ந்து கொடுத்தால் உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதும் அந்தச் சில ஆண்டுகளுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. அன்று முதல் கேள்வி ஒன்றுதான்: நோயை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு எது?

திடீரென நிறுத்துவது

உயிருக்கே ஆபத்தாகும் தவறு இது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோலைத் தினமும் சுரக்கிறது. பிரெட்னிசோலோன் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 5 மி.கி. வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால் சுரக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வருவது குறையும், சுரப்பி சுருங்கும். பொதுவாக 3, 4 வாரத்துக்கு மேல் எடுத்தவருக்கு இது நடந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சுரப்பி மீண்டும் விழித்துக்கொள்ளப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும்.

அந்த நிலையில் மாத்திரையை நிறுத்தினால் அசதி, வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது, சோடியம் குறைவது என்று வரிசையாக வரும். கத்திரி வெயிலில் இப்படி ஆனால் "வெயில் தாக்கிடுச்சு" என்றும், திருவிழா சமயமென்றால் "சாப்பாடு ஒத்துக்கலை" என்றும் நினைத்து மோரும் இளநீரும் கொடுத்துக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் தேவைப்படுவது ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும். 108-ல் ஏற்றும்போதே, ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தாலும், "இவர் இத்தனை மாதமாக ஸ்டீராய்டு எடுக்கிறார்" என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் ஒரு சின்ன அட்டையில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய மாதம் எழுதி வைத்திருந்தால், மயங்கிக் கிடக்கும்போதும் அது பேசும்.

காய்ச்சல், அறுவை சிகிச்சை, பல் பிடுங்குவது போன்ற நேரங்களில் நல்ல சுரப்பி தானாகவே அதிகம் சுரக்கும். தூங்கும் சுரப்பியால் முடியாது. அதனால் 5 மி.கி. எடுப்பவருக்கு காய்ச்சல் நாட்களில் இரட்டிப்பாக்கச் சொல்வது வழக்கம். ஏற்கெனவே 20 மி.கி. எடுப்பவருக்குப் பெரும்பாலும் கூட்டத் தேவையிருக்காது. உங்களுக்கு எவ்வளவு என்பதை நோய் வருவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு ஓ.பி. நோட்டில் எழுதி வாங்குங்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். அதுவும் தங்கவில்லையென்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, ஊசிக்குப் போக வேண்டும்.

எண்ணிக்கையில் நினைவு வைத்துக்கொள்வது

"தினம் ரெண்டு மாத்திரை" என்பவரிடம் எத்தனை மி.கி. என்று கேட்டால் பதில் இருக்காது. பிரெட்னிசோலோன் 2.5, 5, 10, 20, 40 என்று பல அளவுகளில் வருகிறது. சென்ற மாதம் 5 மி.கி. அட்டை கிடைத்த இடத்தில் இந்த மாதம் 10 கிடைத்தால், அதே இரண்டு மாத்திரை இரண்டு மடங்காகிவிடும். குறைத்துக்கொண்டு வரும் காலத்தில் இந்தக் குழப்பம் அதிகம் நடக்கிறது. மருந்து மாறினாலும் கணக்கு மாறும்: பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம் மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டெஃப்லசகார்ட் 6, டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி. மட்டுமே. டெக்ஸாவில் மாத்திரை குட்டியாக இருப்பதைப் பார்த்து லேசான மருந்து என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். டெஃப்லசகார்ட் பக்கவிளைவே இல்லாதது என்ற பேச்சும் சரியல்ல. அதுவும் எலும்பையும் சர்க்கரையையும் பாதிக்கும்.

குறைக்கும் வேகமும் சீராக இருக்காது. 40-லிருந்து 20-க்கு வருவது சில வாரங்களில் முடியலாம். 10-க்குக் கீழே வந்தபிறகு 2.5 மி.கி. அல்லது 1 மி.கி. வீதம், ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்றுதான் இறங்க வேண்டும். அந்தக் கட்டத்தில் உடம்புவலி, அசதி வருவது சகஜம். அதெல்லாம் நோய் திரும்புவதாகவே இருக்க வேண்டியதில்லை. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறதா, சிறுநீரில் புரதம் வருகிறதா, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். ஏறியிருக்கிறதா என்று பார்த்தபிறகே கூட்ட வேண்டும். வலிக்கிறதே என்று தாங்களாகக் கூட்டிக்கொள்பவர்கள்தான் வருடக்கணக்கில் 10 மி.கி.யிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பெயர் தெரியாமல் உள்ளே போவது

மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் பொட்டலம் கட்டித் தரும் பொடிகள், லேபிள் இல்லாத உருண்டைகள், மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கலந்து தரும் மாத்திரைகள் ஆகியவற்றில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் இருப்பது அடிக்கடி தெரியவருகிறது. பல மாதமாக இருந்த வலி இரண்டே நாளில் பறந்துபோய், பசி எடுத்து, முகம் உருண்டு வந்தால், அது மூலிகையின் வேலையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதைப் படித்துவிட்டுப் பொட்டலத்தை இன்றே தூக்கிப்போடாதீர்கள். மேலே சொன்ன ஆபத்து அப்படியே வரும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போய் எத்தனை மாதமாக எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். தெரிந்த அளவில் பிரெட்னிசோலோன் கொடுத்து அவர் படிப்படியாக இறக்குவார்.

யாருக்கு லாபம், யாருக்கு இல்லை

சிறுநீரகத்தைத் தாக்கும் லூபஸ், பெம்ஃபிகஸ், கண் பார்வையைப் பறிக்கும் ரத்தக்குழாய் அழற்சி ஆகியவற்றில் ஸ்டீராய்டைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து. லூபஸ் உள்ள பெண் கர்ப்பமானதும் "குழந்தைக்கு ஆகாது" என்று பயந்து நிறுத்துவதும் தவறு. பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடும். நோய் கிளம்பினால்தான் தாய்க்கும் குழந்தைக்கும் கேடு. முழங்கால் தேய்மானம், சாதாரண முதுகுவலி ஆகியவற்றுக்கோ தினமும் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்க எந்த நியாயமும் இல்லை. சொரியாசிஸ் என்ற தோல் நோயில் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தும்போது சீழ்க்கொப்புளங்களோடு நோய் சீறி வரக்கூடும்.

இடையில் இருப்பது முடக்குவாதம். இங்கே ஸ்டீராய்டு ஒரு பாலம். முடக்குவாதத்துக்கான முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்க 6 முதல் 12 வாரம் ஆகும், அதுவரைக்கும்தான் இது. மெத்தோட்ரெக்சேட்டை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை அது, "சூடு" என்று விட்டுவிட்டு ஸ்டீராய்டை மட்டும் வைத்துக்கொள்வது நேர்மாறான கணக்கு. ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் மருந்து எனக்கு உண்டா என்று கேட்பது நோயாளியின் உரிமை. ஒவ்வொரு தடவையும் கேட்கலாம்.

வீசிங்கில் இன்னொரு விபரீதம் நடக்கிறது. இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து அதை மறுத்துவிட்டு மாதமொருமுறை மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறார்கள். இன்ஹேலரில் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் புடெசோனைடு என்றால் அது அரை மில்லிகிராம்கூட இல்லை; நுரையீரலிலேயே வேலை செய்கிறது. இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவதும் குறையும்.

பரிசோதனையில் விட்டுப்போவது

வெறும்வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்து நிம்மதியடைவது ரொம்பப் பொதுவான தவறு. காலையில் போட்ட மாத்திரை சர்க்கரையை ஏற்றுவது மதியத்திலிருந்து மாலைவரை. விடியும்போது அது இறங்கியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மாத்திரையைக் காலை 8 மணி வாக்கில், டிபனுக்குப் பிறகு போடுவதே நல்லது. இரவில் போட்டால் தூக்கம் போகும். விரதமிருக்கும் நாளிலும் காலையில் ஏதாவது சாப்பிட்டு மாத்திரையைப் போட்டாக வேண்டும்.

எலும்பு தேய்வது வேகமாக நடப்பது முதல் 3 முதல் 6 மாதங்களில். ஆனால் கால்சியத்தைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் முறிவு வந்தபிறகு. உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் வேண்டும், வைட்டமின் டி-யும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி. அளவுக்கு இருக்கிறது, முள்ளோடு தின்னும் நெத்திலியும் நல்லது, பச்சை மீனாக. கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் உள்ள உப்பு ரத்த அழுத்தத்தையும் கால் வீக்கத்தையும் கூட்டும். எலும்புக்கு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வாரமொருமுறை எழுதியிருந்தால், காலையில் காபிக்கு முன், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது, உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். தொடை இடுக்கில் நடக்கும்போது வலித்தால் உடனே சொல்லுங்கள். இடுப்பு எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவதன் அறிகுறியாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

கண் அழுத்தம் வலியில்லாமல் ஏறும், புரையும் சீக்கிரம் விழும். கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை போய், ஸ்டீராய்டு எடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

தொற்று விஷயத்தில் இரண்டைக் கேட்டுத் தெளியுங்கள். முதலாவது டி.பி. தினம் 15 மி.கி.க்கு மேல் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தால், உள்ளே உறங்கும் கிருமி எழ வாய்ப்பு கூடுகிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமலைச் சளி என்று தள்ளக் கூடாது. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் அது ஸ்டீராய்டை வேகமாகச் சிதைத்துவிடும். அளவைத் திருத்த வேண்டியிருக்கும். இரண்டாவது, வெறுங்காலோடு வயலிலும் முந்திரித் தோப்பிலும் வேலை செய்பவர்களின் தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு. சாதாரணமாக அமைதியாக இருக்கும் இது ஸ்டீராய்டில் பெருகி உயிரைப் பறிக்கலாம். தொடங்கும் முன்பே ஐவர்மெக்டின் போட்டுக்கொள்வது சுலபம். நான் மண் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னால்தான் அவருக்கு அந்த எண்ணம் வரும்.

வலிக்கு டைக்லோஃபெனாக்கை ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடுவது குடல்புண்ணுக்கும் ரத்தக் கசிவுக்கும் வழி. வலி என்றால் பாராசிட்டமால், மற்றது கேட்டபிறகு.

மழைக்காலம்

2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சலும் இந்தக் கரையில்தான் ஏறின. சாலை அடைபட்டு, மெடிக்கல் மூடியிருக்கும் நாட்களில் மாத்திரை தீர்ந்தவர் அறியாமலே திடீர் நிறுத்தத்துக்கு ஆளாகிறார். செப்டம்பர் மாத ஓ.பி.யிலேயே கூடுதலாக இரண்டு வார மாத்திரை கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். அட்டையையும் மாத்திரையையும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில் வைத்து, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே போடுங்கள். முகாமுக்குப் போனால் அங்கிருக்கும் மருத்துவக் குழுவிடம், கேட்கும்வரை காத்திருக்காமல், அளவோடு சொல்லிவிடுங்கள்.