குவார்ட்டரைக் குறைத்தால் தொப்பை குறையுமா?
தினமும் காலையில் நடந்தும் தொப்பை கரையலையேன்னு கேட்கிற ராயபுரம், தண்டையார்பேட்டை அண்ணன்களே, சனிக்கிழமை குவார்ட்டரைக் கொஞ்சம் கணக்குப் பாருங்க. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி. 180 மில்லி பிராந்தியில் மட்டும் 400 கலோரிக்கு மேல் இருக்கு. உடம்பு அதைத்தான் முதலில் எரிக்கும், கொழுப்பு அப்படியே தேங்கிடும். கலக்குற கூல்டிரிங்ஸ் சர்க்கரை தனி.

என்னைக் கேட்டால் சைடிஷ்தான் பெரிய வில்லன்: எண்ணெய் சொட்டும் மீன் வறுவல், மிக்சர், நடுராத்திரி சால்னா ஊற்றிய பரோட்டா. போதையில் கை நிற்காது. குடியைப் பாதியாக்கினாலே இதுவும் கூடவே குறையும்.

தினமும் நிறையக் குடிக்கிறவங்க மட்டும் சட்டென நிறுத்திடாதீங்க, கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்துங்க.