பிடிச்ச வரி 26ஏஎஸ்ல காணோம்

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பண்ண, ஜூலை 31 கெடுவுக்கு ஒரு மாசம் முன்னாடியே இந்தத் தடவை உட்கார்ந்தது நல்லதாப் போச்சு. ஃபார்ம் 16ல (சம்பளத்துல பிடிச்ச வரிக்கு ஆபீஸ் தர்ற சான்று) வம்பில்லை. ஆனா ஃபிக்சட் டெபாசிட் வட்டி 60,000க்கு பேங்க் 12,000 டிடிஎஸ் (வட்டி தரும்போதே பிடிக்கிற வரி) பிடிச்சிருந்தும், 26ஏஎஸ்ல, அதாவது என் பான் பேர்ல கட்டின வரியைக் காட்டுற வரித்துறை அறிக்கையில, ஒரு பைசா காட்டலை. 10 சதவீதம்தானே, ஏன் 20? அப்பதான் பொறி தட்டுச்சு: பேங்க்ல பான் கொடுக்கலைன்னாதான் 20.

கிளையில கேட்டா, எனக்கு ரெண்டு கஸ்டமர் ஐடி! பழையதுல பான் ஏத்தவே இல்லை. பான் நகலோட கடிதம் கொடுத்து, பேங்க் தன் டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தித் தாக்கல் பண்ணச் சொன்னேன். (முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்கிக்கிட்டேன்; வாய்ச்சொல்லை நம்புறதில்லை.) மூணு வாரத்துல 26ஏஎஸ்ல 12,000 வந்துருச்சு. வட்டியைக் கைக்கு வந்த 48,000ன்னு போடாம, முழு 60,000ஆவே காட்டி அன்னைக்கு ராத்திரியே என் ரிட்டர்னைத் தாக்கல் பண்ணிட்டேன்.