எங்கள் கவுண்டியில் யார் யார்? சென்சஸ் அட்டவணையை வாசிப்பது எப்படி

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும் வேலை வருடாவருடம் என் தலையில்தான் விழுகிறது. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, டெக்சஸின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் இருக்கிறோம். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் அதில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: உங்கள் கவுண்டியில் எந்தெந்த இனத்தவர் எத்தனை சதவீதம்? பலரும் கூகுளில் முதலில் கண்ணில்படும் நான்கு எண்களை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த நான்கையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

2010 கணக்கெடுப்பின்படி ஃபோர்ட் பெண்டில் வெள்ளையர் 50.6 சதவீதம், கறுப்பினத்தவர் 21.5, ஆசியர் 17, ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) 23.7. மொத்தம் 112.8! யாரும் பொய் சொல்லவில்லை. அமெரிக்க சென்சஸ் படிவத்தில் இதற்கு இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. நீங்கள் ஹிஸ்பானிக் வம்சாவளியா என்பது முதல் கேள்வி. அடுத்ததுதான் இனம். மெக்சிகோ வம்சாவளிக்காரர் ஒருவர் முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதில் வெள்ளையர் என்றும் டிக் அடிக்கலாம். அவர் இரண்டு எண்ணிலும் இருப்பார். ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரை மட்டும் எடுத்தால் அந்த 50.6 சட்டென்று 36.2 ஆகிவிடும். ஆகவே வெள்ளையர் எத்தனை என்று யார் கேட்டாலும், எந்த வெள்ளையர் என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, எங்கே போய் எடுப்பது? சென்சஸ் பீரோவின் டேட்டா தளத்துக்குப் போய், தேடல் பெட்டியில் அட்டவணை எண்ணையும் கவுண்டி பெயரையும் மாநிலத்தையும் சேர்த்து அடியுங்கள். மாநிலத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே பெயரில் பல மாநிலங்களில் கவுண்டிகள் இருக்கின்றன. அட்டவணைப் பெயர்களில் ஒரு குழப்பம் வரும்: பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பின் அட்டவணை பாரிஸ் ‘பி’யில் தொடங்கும், வருடாவருடம் நடக்கும் சர்வேயின் அட்டவணை பாம்பே ‘பி’யில் தொடங்கும். போனில் சொல்லும்போது நான் இப்படித்தான் பிரித்துச் சொல்வது வழக்கம்.

முதலில் பாரிஸ் பி 2. இதே எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணைகள் வந்து நிற்கும். 2020க்கான இன்னொரு தொகுப்பில் பி 2 என்பது நகர்ப்புறம், கிராமப்புறம் பற்றியது. உங்களுக்கு வேண்டியது தேர்தல் தொகுதிகளை மறுவரையறை செய்வதற்காக வெளியிட்ட தொகுப்பில் இருப்பது. தலைப்பில் ஹிஸ்பானிக் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் நீளமான பட்டியல் வரும். முதல் வரி மொத்தம். அதில் 2020க்கு ஃபோர்ட் பெண்டில் 8,22,779 என்று இருக்கும். இரண்டாவது வரி ஹிஸ்பானிக். மூன்றாவது, ஹிஸ்பானிக் அல்லாதவர். நான்காவது, அவர்களில் ஒரே இனத்தை மட்டும் சொன்னவர்கள். ஐந்திலிருந்து பத்து வரை ஆறு இனப் பிரிவுகள் வரும்: வெள்ளையர், கறுப்பினத்தவர், அமெரிக்கப் பூர்வகுடி, ஆசியர், பசிபிக் தீவினர், மற்றவர். பதினொன்றாவது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம் சொன்னவர்கள். அதற்குக் கீழே எந்த இனத்தோடு எந்த இனம் என்ற விவரம் கடைசிவரை ஓடும். அது நமக்குத் தேவைப்படாது. இரண்டாவது வரி, ஐந்து முதல் பத்து, பதினொன்று. இந்த எட்டையும் கூட்டினால் மொத்தம் பைசா சுத்தமாக முதல் வரிக்கு வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் மூன்றையோ நான்கையோ சேர்த்துக் கூட்டியிருப்பீர்கள். அவை உள்தொகைகள்.

அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மானியக் குழுவினர் இதைக் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். லெபனான்காரரும் எகிப்தியரும் வெள்ளையர் பெட்டியில் இருக்கிறார்கள். 2020 படிவத்திலேயே வெள்ளையருக்கான உதாரணங்களில் ஜெர்மன், ஐரிஷ் என்பவற்றோடு லெபனீஸ், எகிப்தியன் என்றும் அச்சடித்திருந்தார்கள். கறுப்பினத்தவர் பெட்டியில் நைஜீரியாவிலிருந்து வந்த என் பக்கத்து வீட்டு டாக்டரும் இருக்கிறார், இந்த மண்ணில் கரும்பு வெட்டிய அடிமைகளின் வாரிசுகளும் இருக்கிறார்கள். சுகர்லேண்ட் என்ற ஊர்ப்பெயரே அந்தக் கரும்பிலிருந்து வந்ததுதான். 2018இல் அங்கே ஒரு பள்ளிக்கட்டடத்துக்கு மண் தோண்டும்போது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. கைதிகளைக் கூலிக்கு விட்ட காலத்தில் கரும்புத் தோட்டங்களில் உழைத்துச் செத்த கறுப்பினத்தவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் இந்தக் கவுண்டியில் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. 1889இல் ரிச்மண்டில் ஜேபேர்ட், வுட்பெக்கர் என்ற இரண்டு அரசியல் அணிகளுக்கு நடுவே நடந்த மோதலுக்குப் பிறகு அவர்களை அரசியலிலிருந்தே ஒதுக்கிவைத்தார்கள். ஜேபேர்ட் சங்கம் வெள்ளையருக்கு மட்டுமான தன் சொந்தத் தேர்தலை 1953இல் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை நடத்திவந்தது. சதவீதம் கூடினால் செல்வாக்கு தானாகக் கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

நம்முடைய பெட்டியின் கதையும் வேடிக்கையானது. 1930, 1940 கணக்கெடுப்புகளில் ‘இந்து’ என்பது ஓர் இனம். சீக்கியர், முஸ்லிம் எல்லாரும் அதில் அடக்கம். 1970இல் இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980இலிருந்துதான் ‘ஏசியன் இந்தியன்’ என்று தனிக் கட்டம். இலங்கைத் தமிழருக்கு இன்றும் தனிக் கட்டம் கிடையாது. ‘பிற ஆசியர்’ என்ற இடத்தில் கையால் எழுத வேண்டும். ஆகவே 1970ஐயும் 1980ஐயும் பக்கத்தில் வைத்து, இந்தியர் திடீரென்று எங்கிருந்தோ குதித்தார்கள் என்று வரைபடம் போடாதீர்கள்.

ஆசியரில் இந்தியர் எத்தனை, சீனர், வியட்நாமியர், பாகிஸ்தானியர் எத்தனை என்று வேண்டுமானால் பாம்பே பி 02015. இது வருடாந்தர சர்வேயிலிருந்து வருவது. 65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு ஓராண்டு எண்ணிக்கை கிடைக்கும். அதைவிடச் சிறிய கவுண்டி என்றால் ஐந்தாண்டுச் சராசரிதான். எங்களுக்கு இரண்டும் உண்டு. இருந்தாலும் சிறிய குழுக்களுக்கு ஐந்தாண்டுக் கணக்கையே எடுக்கிறேன், அது அவ்வளவாகக் குதிப்பதில்லை. 2018-2022ஐ 2019-2023ஓடு ஒப்பிடாதீர்கள். நான்கு வருடங்கள் இரண்டிலும் பொதுவாக இருக்கின்றன.

இது எல்லாரையும் கேட்காமல் ஒரு பகுதியினரை மட்டும் கேட்டுச் செய்யும் சர்வே என்பதால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை எல்லை போட்டிருப்பார்கள். ஒரு குழு 1,200 பேர், பிழை எல்லை 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை எண் 700க்கும் 1,700க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கலாம், அதற்கும் 90 சதவீத நம்பிக்கைதான். பிழை எல்லை எண்ணில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதமாட்டேன். இது என் சொந்த விதி. இரண்டு சிறிய குழுக்களைச் சேர்த்துச் சொல்லவேண்டி வந்தால் பிழைகளை அப்படியே கூட்டக்கூடாது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 300, 400 என்றால் 500 வரும்.

“தமிழர் எத்தனை பேர்?” இதைக் கேட்காத கமிட்டிக் கூட்டம் இல்லை. இனக் கேள்வியில் இதற்குப் பதில் தேடாதீர்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற கேள்வியில் தமிழ் தனியாகவே இருக்கிறது, பாம்பே பி 16001. ஆனால் விரிவான மொழிப்பட்டியலைப் பெரிய நிலப்பரப்புகளுக்குத்தான் தருவார்கள், சிறிய ஊர்களுக்குக் கிடையாது. அதோடு, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசும் நம் இரண்டாம் தலைமுறை இதில் சிக்காது. தமிழ்ப் பள்ளிக்கு வரவேண்டியதே அந்தப் பிள்ளைகள்தான்!

கவுண்டி கலவையாக இருப்பதால் தெருவும் அப்படியே இருக்கும் என்று நினைக்கவேண்டாம். ஃபோர்ட் பெண்டில் ரோசன்பர்க் பக்கம் போனால் ஒரு உலகம், மிசூரி சிட்டி இன்னொரு உலகம், சுகர்லேண்டில் ஹனுமார் சிலையின் நிழலில் நின்றால் வேறொன்று. அதே அட்டவணைகளை சென்சஸ் டிராக்ட் அளவில், அதாவது சராசரியாக 4,000 பேர் இருக்கும் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். பார்க்கும்போது பாரிஸ் பி 5ஐயும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். சிறை, விடுதி, முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் அதில் வருவார்கள். சிறைக் கைதிகளை அவர்கள் சொந்த ஊரில் எண்ணாமல் சிறை இருக்கும் இடத்தில்தான் எண்ணுகிறார்கள். ரிச்மண்ட் அருகே மாநிலச் சிறைகள் இருக்கும் டிராக்டின் இன விகிதத்தைப் பார்த்துவிட்டு, இந்த வட்டாரம் இப்படி என்று முடிவுகட்டினால் கோணலாகிவிடும். 2020இல் தனியுரிமைக்காக எண்களில் வேண்டுமென்றே சிறிய மாற்றங்களும் செய்திருக்கிறார்கள். கவுண்டி அளவில் அது பெரிதாகத் தெரியாது, டிராக்டைவிடச் சிறிய பிளாக் அளவில் நம்பவே முடியாது.

காலப்போக்கைக் காட்ட ஆசைப்பட்டால் ஹிஸ்பானிக்கைத் தனியாக வைத்த எண்களையே எடுங்கள். இங்கே மொத்த மக்கள்தொகை 1990இல் 2,25,421, 2000இல் 3,54,452, 2010இல் 5,85,375. ஆசியர் 2000இல் 11.2 சதவீதம், 2010இல் 17. 2010க்கும் 2020க்கும் நடுவில் மட்டும் ஓர் எச்சரிக்கை: நாடு முழுக்கப் பல இனம் சொன்னவர்கள் 90 லட்சத்திலிருந்து 3.38 கோடியாகிவிட்டார்கள். அவ்வளவு கலப்புத் திருமணம் பத்து வருடத்தில் நடந்துவிடவில்லை. படிவமும், மக்கள் எழுதியதை வகைப்படுத்தும் முறையும் மாறின, அதுதான் பெரிய காரணம்.

அடுத்த முறையும் மாறப்போகிறது. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு வகுத்த புதிய விதிப்படி ஹிஸ்பானிக் கேள்வியும் இனக் கேள்வியும் ஒன்றாகின்றன, மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கர்களுக்குத் தனிப் பெட்டி வருகிறது. அதனால் இப்போதுள்ள பாரிஸ் பி 2ஐ வரித் தலைப்புகளோடு முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரிலேயே வருடம், அட்டவணை எண், ‘ஹிஸ்பானிக் தனி’ என்று எழுதிவிடுங்கள். நான் கமிட்டியிலிருந்து விலகினால் அடுத்து வருபவருக்கு ஒப்படைக்க என்னிடம் இருப்பது அந்த ஒரு ஃபோல்டர்தான்.